கேள்விக்காக வைத்த பொருள்: யூதர் சடங்கிலும் கல்வியிலும் பாவைக்கூத்தின் இடம்

யூத சமயத்தையும் பாவைக்கூத்தையும் ஒருங்கு வைத்து ஆராயப் புகுவோர்க்கு முதற்கண் எதிர்ப்படுவது ஒரு தடை. மோசே பெற்ற பத்துக் கட்டளைகளுள் ஒன்று, வானத்திலோ மண்ணிலோ நீரிலோ உள்ள எதன் வடிவத்தையும் செதுக்கி வழிபடலாகாது என விதிக்கின்றது. செதுக்கிய உருவத்தை விலக்கிய மக்களிடத்து, செதுக்கிய உருவத்தை ஆட்டுவிக்கும் கலை எங்ஙனம் தோன்றும்? தோன்றாது என்பதே பலரது துணிபு. யூதரிடத்து நாடகக் கலை பிந்தி வளர்ந்தமைக்கும், பாவைக்கூத்து இருபதாம் நூற்றாண்டளவிலன்றித் தனியரங்கு பெறாமைக்கும் இக்கட்டளையே காரணம் என அவர் கூறுவர். இத்துணிபிற் பாதி உண்மை; மற்றைப் பாதி ஆராயாது கொண்டது.

கட்டளை விதித்த நூலிலேயே அதற்கு மாறுபோலத் தோன்றும் செய்திகள் உள. உடன்படிக்கைப் பெட்டியின் மூடிமேல் இறக்கை விரித்த இரு பொற்கேருபீன்களை அமைக்குமாறு யாத்திராகமம் பணிக்கின்றது. சிரியாவில் தூரா யூரோப்பொசு என்னும் பழம்பதியில் 1932 இல் அகழ்ந்து காணப்பட்ட செபாலயத்தின் சுவர்கள், கி. பி. மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதப்பட்ட ஓவியங்களால் நிறைந்தவை. அவற்றில் மோசேயும் எஸ்தரும் எசேக்கியேலும் மனித வடிவினராகவே விளங்குகின்றனர். ஏறத்தாழ 1300 இல் தென் யேர்மனியில் எழுதப்பெற்று, இன்று எருசலேமில் இசுரேல் அரும்பொருளகத்தில் உள்ள பஸ்கா ஏடொன்றிலோ, மாந்தர்க்கு உடல் மனிதவுடலாகவும் தலை பறவைத் தலையாகவும் இருக்கின்றன. இது உருவத்தை முற்றாக ஒழித்தலும் அன்று, முழுமையாக ஏற்றலும் அன்று. ஒரு குறையோடு ஏற்றலாம். பதினாறாம் நூற்றாண்டில் யோசேப்பு காரோ தொகுத்த சட்டநூல், முழு மனிதவுருவைப் புடைப்பாகச் செய்வதை விலக்குகின்றது. ஆயினும் குழந்தைகளிடமிருந்து பாவைகளைப் பறித்துவிடவில்லை. கண்டிப்பு மிக்க சில குடும்பங்களில் பாவையின் மூக்கையோ செவியையோ சிறிது சிதைத்துக் குழந்தையிடம் கொடுத்துவிடுவர். மூக்குடைந்த பாவையும் பாவைதான். குழந்தைக்கு அது குறையாகத் தோன்றுவதில்லை.

ஆகவே விலக்கப்பட்டது யாது என வினவுதலினும், விலக்கின் பின் எஞ்சியது யாது என வினவுதலே பயனுடைத்து. எஞ்சியது பொருள். மரத்தாலும் துணியாலும் செய்த மனிதனை ஆட்டுவிப்பது பாவைக்கூத்து. கையிற் கிடைத்த கல்லையோ கோலையோ அப்பத்தையோ எடுத்து, அதன் உருவை மாற்றாது, அதனையே கதையின் உறுப்பாக்கிக் காட்டுவதைப் பொருட்கூத்து எனலாம். மேலைநாட்டார் இதனை ஒரு தனிக் கலையாக வகுத்துப் பேசத் தொடங்கியது அண்மைக் காலத்திலேயாம். யூதரோ பெயரிடாமலே நெடுங்காலம் அதனைக் கையாண்டனர். கையாற் பற்றக்கூடியதையும் சொல்லால் உணரப்படுவதையும் 'பொருள்' என்னும் ஒரே சொல்லாற் குறிப்பது தமிழ் வழக்கு. இவ்வாராய்ச்சிக்கு இதனினும் வாய்ப்பான சொல் அரிது.

இக்கூத்தின் மிகப் பழைய ஆடுநர் தீர்க்கதரிசிகளே. கி. மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாபிலோனியச் சிறையிருப்பில் இருந்த எசேக்கியேல், ஒரு செங்கல்லை எடுத்து அதன்மேல் எருசலேம் நகரைக் கீறுமாறு பணிக்கப்படுகின்றார். அதனைச் சூழக் கொத்தளமும் பாளையமும் மதிலிடிக்கும் பொறிகளும் அமைத்து, தமக்கும் நகருக்கும் இடையே இருப்புச் சட்டியொன்றை மதிலாக நிறுத்தி, முற்றுகையை அவர் நடித்துக் காட்டவேண்டும். சிறுபிள்ளை மணலில் விளையாடுவதற்கும் இதற்கும் புறத்தோற்றத்தில் வேறுபாடு இல்லை. பிறிதொருகால், நாடு கடத்தப்படுவோனைப்போல் மூட்டையைத் தோளில் ஏற்றிச் சுவரைத் துளைத்து வெளியேறுகின்றார். எரேமியா மூப்பர் காண மட்கலத்தை உடைக்கின்றார். கழுத்தில் நுகம் பூண்டு நிற்கின்றார்.

இவற்றை வெறும் உவமை என்று கூறி அமைவோர் உளர். உவமையாயின் சொல்லே போதும், செங்கல் வேண்டுவதில்லை. எசேக்கியேல் நூலை ஊன்றிக் கற்போர் ஒன்றைக் காண்பர். செயல் நிகழ்ந்தபின், நீர் செய்வது யாது, இதனால் எமக்கு உணர்த்துவது யாது என்று மக்கள் கேட்பதாக அந்நூல் ஓரிடத்தன்றிப் பலவிடத்துக் கூறுகின்றது. பொருளை முன்வைப்பது முதற்படி, கேள்வி எழுவது இரண்டாம் படி, விளக்கம் மூன்றாவதே. மக்கள் கேட்குமுன் விளக்கிவிட்டால் அச்செங்கல் வெறுங்கல்லாய் ஒழியும்.

வளர்ந்தோர்க்கு வகுத்த இம்முறையே சிறார்க்கும் வகுக்கப்பட்டது. இசுரவேலர் யோர்தான் ஆற்றைக் கடந்தபோது ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துவந்து கில்காலில் நாட்டினர் என்பது யோசுவாவின் நூல் கூறும் வரலாறு. அக்கற்களில் எழுத்துப் பொறித்ததாக அவ்விடத்து ஒரு சொல்லும் இல்லை. பிற்காலத்துப் பிள்ளைகள் இக்கற்கள் எதற்கு என்று தந்தையரைக் கேட்பர், அப்போது சொல்லுங்கள் என்பதே அங்குள்ள விதி. எழுதி வைத்திருப்பின் பிள்ளைகள் படித்துவிட்டுப் போயிருப்பர். கேள்வி அற்றுப்போன பொருளுக்கு நேர்வது யாது என்பதையும் அம்மரபு அறிந்திருந்தது. வனாந்தரத்தில் மோசே உயர்த்திய வெண்கலச் சர்ப்பத்துக்கு மக்கள் தூபங் காட்டத் தொடங்கினர். எசேக்கியா மன்னன் அதனை உடைத்தெறிந்தான். மோசே செய்த பொருளே ஆயினும் அதற்கு விலக்கு அளிக்கப்படவில்லை.

இம்முறை முழு வளர்ச்சி பெற்ற இடம் பஸ்கா இரவின் விருந்தாகிய சேடர். எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து நீங்கிய வரலாற்றை ஆண்டுதோறும் வீட்டிலேயே ஓதும் சடங்கு அது. குருவும் இல்லை, பலிபீடமும் இல்லை. உணவு மேசையே அரங்கு. மேசைமேல் ஒரு தட்டு. தட்டில் சுட்ட எலும்பொன்று, அவித்தோ சுட்டோ வைத்த முட்டை, கசப்புக் கீரை, பழமும் பருப்பும் திராட்சை மதுவும் சேர்த்துப் பிசைந்த கரோசெத், உவர்நீரில் தோய்க்கும் பச்சிலை. பக்கத்தே புளிப்பில்லா அப்பம் மூன்று. கரோசெத் எகிப்தில் அடிமைகள் மிதித்த களிமண்ணை நினைவூட்டுவது என்று தல்மூத் கூறும். களிமண்ணை இனிப்பாற் செய்தது விந்தையே. ஆயினும் அதனைக் கசப்போடு சேர்த்தே உண்ணுகின்றனர் என்பது மறக்கற்பாலதன்று.

இவையெல்லாம் குறியீடுகள் என்று பட்டியல் வகுத்துப் பொருள் கூறி முடிப்பது பாடநூலாரின் வழக்கம். சடங்கின் உயிர் அப்பட்டியலில் இல்லை. கி. பி. 200 ஐ அடுத்துத் தொகுக்கப்பட்ட மிஷ்னாவும், அதன்மேல் எழுந்த பாபிலோனியத் தல்மூத்தும் இவ்விருந்தைப் பற்றிப் பேசுமிடத்து, ஓர் அரங்க நெறியாளன் பேசுவதுபோலப் பேசுகின்றன. குழந்தைகள் உறங்கிவிடாமைப் பொருட்டு அப்பத்தை விரைந்து பற்றவேண்டும் என்பர். ரபி அக்கீபா குழந்தைகளுக்கு வறுத்த தானியமும் கொட்டைகளும் பங்கிட்டு அவர்களை விழித்திருக்கச் செய்தார் என்பர். உணவு உண்ணுமுன்னரே மேசை அகற்றப்படும். ஏன்? குழந்தைகள் கண்டு வியந்து கேட்டற்பொருட்டு என்பதே தல்மூத் தரும் விடை. ஒருமுறை ரப்பா என்னும் ஆசிரியர் முன்னிலையில் அவ்வாறு மேசை அகற்றப்பட, அருகிருந்த அபாயே, நாம் இன்னும் உண்ணவேயில்லையே, மேசையை எடுத்துவிட்டார்களே என்றாராம். கேட்கவேண்டிய கேள்வியை நீ கேட்டுவிட்டாய், இனி நாம் வழக்கமான கேள்விகளை ஓதவேண்டியதில்லை என்றார் ஆசிரியர். மனப்பாடமாகச் சொல்லும் நான்கு கேள்விகளினும், பசித்தவன் வாயிலிருந்து தானே எழுந்த கேள்வி மேலாகக் கொள்ளப்பட்டது. கல்வி பற்றி எழுதப்பட்ட பெருநூல்கள் பலவற்றிலும் இத்துணை நுட்பம் காண்டல் அரிது.

கேட்பதற்குக் குழந்தை இல்லாவிடின் மனைவி கேட்பாள். அவளும் இல்லையேல் தனித்திருப்போன் தன்னைத் தானே கேட்கவேண்டும். விதிகளனைத்தும் அறிந்த அறிஞர் இருவர் கூடியிருப்பினும் ஒருவரை ஒருவர் கேட்கவேண்டும். விடை தெரிந்தமை கேள்வியைத் தவிர்க்கக் காரணமாகாது. பிற்காலத்தில் நடு அப்பத்தை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை ஒளித்து வைக்கும் வழக்கமும், குழந்தைகள் அதனைத் தேடி எடுத்துப் பரிசு பெற்றாலன்றித் திருப்பித் தராத வழக்கமும் பரவின. அது வெறும் விளையாட்டன்று. அப்பாதித் துண்டை உண்டாலன்றி விருந்து நிறைவெய்தாது. ஆகவே முதியோர் அனைவரும் அச்சிறுவன் கையில் அகப்பட்டுக் காத்திருக்கவேண்டும்.

இனி, இக்கூத்தின் எல்லையைக் காட்டும் செய்தியொன்று உண்டு. பஸ்காப் பலி, புளிப்பில்லா அப்பம், கசப்புக் கீரை ஆகிய மூன்றையும் எடுத்துரையாதவன் தன் கடமையை முடித்தவனாகான் என்பது ரபான் கமாலியேலின் கூற்று. அப்பத்தைச் சொல்லும்போது அப்பத்தை உயர்த்திக் காட்டுவர். கீரையைச் சொல்லும்போது கீரையை உயர்த்துவர். பலியைச் சொல்லும்போதோ எலும்பை உயர்த்துவதில்லை. கி. பி. 70 இல் ஆலயம் அழிந்ததோடு பலி நின்றுவிட்டது. தட்டிலுள்ள எலும்பு அதன் நினைவேயன்றி அதுவன்று. உயர்த்தினால், ஆலயத்துக்குப் புறத்தே பலிப்பொருளைப் படைத்துண்பதுபோல் தோன்றும் என அஞ்சினர். அப்பம் இன்றும் அப்பமே. கீரை இன்றும் கசப்பதே. அவை தம்மையே நடிக்கின்றன. எலும்போ பிறிதொன்றின் வேடத்தைப் பூண்டது. வேடம் பூண்ட பொருள் தன்னை மெய்யென்று காட்டிக்கொள்ளும் அக்கணத்திற் கை நின்றுவிடுகின்றது. உருவ வழிபாட்டிற் பழகிய கண்ணுக்கு இது மிகைப்பட்ட அச்சமாகத் தோன்றலாம். ஆயினும் இரண்டாம் கட்டளை இம்மரபிற் கலையை அழிக்கவில்லை, அதற்கு ஓர் அளவு வகுத்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவன் தானே எகிப்திலிருந்து புறப்பட்டவனாகத் தன்னைக் காணவேண்டும் என்பது மிஷ்னாவின் விதி. 1204 இல் மறைந்த மைமோனிடிஸ் தம் சட்டநூலில் இவ்விதியை எழுதுங்கால், காணவேண்டும் என்பதைக் காட்டவேண்டும் என்று அமைத்தார். எபிரேயத்தில் வேறுபாடு மிகச் சிறிது, விளைவு பெரிது. காண்டல் உள்ளத்தின் தொழில். காட்டுதல் உடலின் தொழில். கீழைநாட்டு யூதர் பலர் இதனை நேரே பின்பற்றினர். ஈராக்கு, சிரியா ஆகிய நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களில் ஒருவர் அப்பத்தைத் துணியிற் பொதிந்து தோளில் இட்டு, கோல் ஊன்றி நிற்பார். எங்கிருந்து வருகின்றாய் என ஏனையோர் கேட்க, எகிப்திலிருந்து என்பார்; எங்குச் செல்கின்றாய் எனின், எருசலேமுக்கு என்பார். பாரசீக யூதரோ வெங்காயத் தாளால் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வர். அது அடிமைகள்மேல் விழுந்த சாட்டை. அன்றிரவு வயதுமுதிர்ந்த பாட்டனும் பேரன் கையால் அடிபடுவான்.

பாவையைப் பற்றி இம்மரபு கொண்ட கருத்துக்குத் தல்மூத்திலேயே ஒரு கதை உண்டு. ராவா என்னும் அறிஞர் ஒரு மனிதனைப் படைத்து ரபி சேராவிடம் அனுப்பினார். சேரா அவனோடு பேசினார். அவன் மறுமொழி தரவில்லை. நீ படைக்கப்பட்டவன், உன் மண்ணுக்கே திரும்பு என்றார் சேரா. பிராகு நகர ரபியோடு இணைத்துப் பேசப்படும் கோலெம் என்னும் களிமண் மனிதனின் கதைகளுக்கெல்லாம் முன்னோடி இது. அவனைச் சேரா அறிந்துகொண்டது உருவத்தால் அன்று; உருவம் குறைவற இருந்தது. கேட்டதற்கு விடை கூறும் ஆற்றல் இன்மையே அவனைக் காட்டிக்கொடுத்தது.

செபாலயத்திலுள்ள தோராச் சுருளையும் ஈண்டுச் சுட்டுதல் தகும். அதற்குப் பட்டாடை உண்டு, மார்புக்கவசம் உண்டு, முடி உண்டு. அதனைக் கையில் ஏந்தி உலா வருவர், முத்தமிடுவர், தோரா மகிழ்ச்சித் திருநாளில் அதனோடு ஆடுவர். பழுதடைந்தால் மண்ணில் அடக்கம் செய்வர். பாவைக்கு இதனினும் நெருங்கிய பொருள் அச்சமயத்தில் இல்லை. ஆயினும் ஆடையும் முடியும் களைந்த பின்னரே அது பேசுகின்றது. எழுத்தைக் கை தொடாமல், நுனியில் விரல் நீட்டிய சிறு கை வடிவான கோலொன்றால் வரியைச் சுட்டிப் படிப்பர். செபாலயங்கள் பலவற்றில் மனித உறுப்பின் செதுக்குருவம் என ஒன்று இருக்குமாயின், அது இக்கையேயாம்.

பூரிம் திருநாளில் மட்டும் மரபு தன் கட்டை அவிழ்த்துவிடுகின்றது. பாரசீக நாட்டு யூதரை அழிக்கச் சூழ்ந்த ஆமான் தானே அழிந்த கதையை எஸ்தரின் சுருளிலிருந்து அன்று படிப்பர். அன்றுதான் உண்மையான உருவப்பாவையும் வெளிவந்தது. பாபிலோனியாவிலும் ஏலாமிலும் இளைஞர் ஆமானின் உருவஞ் செய்து நான்கைந்து நாள் கூரைமேல் தொங்கவிட்டு, திருநாளன்று தீயிலிட்டு, தீயைத் தாண்டிக் குதித்தனர் என்று அந்நாட்டுப் பேராசான்களாகிய கேயோனியரின் விடையொன்று தெரிவிக்கின்றது. உரோமப் பேரரசில் இவ்வழக்கம் வினையாய் முடிந்தது. தூக்கிய ஆமானின் உருவம் சிலுவையை இகழ்வதாகக் கருதப்பட்டமையால், கி. பி. 408 இல் இரண்டாம் தியோடோசியசின் ஆட்சியில் அதனை எரித்தல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. அடக்கப்பட்டோர் ஆண்டிலொருநாள் தம் பகைவனைப் பாவையாக்கி எரிக்கின்றனர். ஆள்வோர் அப்பாவையிற் பிறிதொரு முகத்தைக் காண்கின்றனர். உருவம், தன்னைச் செய்தவன் கருதிய பொருளோடு மட்டும் நில்லாது என்பதற்கு இது கசப்பான சான்று.

எரித்தல் ஒழிந்த இடங்களில் உருவம் மீண்டும் பொருளாகச் சுருங்கியது. இரு கற்களில் ஆமானின் பெயரை எழுதி, அது தேயுமளவும் ஒன்றோடொன்று அடித்தனர். அதிலிருந்தே சுழற்றி ஒலிக்கும் மரக்கிலுக்கு வளர்ந்தது என்பர். 1572 இல் மறைந்த கிராக்கோ நகரத்து மோசே இசர்லிசு, இவ்வழக்கத்தை ஒழிக்கவும் வேண்டா, எள்ளவும் வேண்டா என்று எழுதிவைத்தார். சட்ட அறிஞர் ஒருவர் சிறுவர் ஆரவாரத்துக்கு அரண் செய்வது எந்நாட்டிலும் எளிதிற் காணக்கூடியதன்று. பெயரை அழிக்க எழுப்பும் ஒலி அடங்கும்வரை படிப்போர் காத்திருக்கவேண்டும். ஏனெனில் சுருளின் ஒவ்வொரு சொல்லும் செவியில் விழவேண்டும், ஆமானின் பெயரும் உட்பட. ஐரோப்பாவில் வளர்ந்த பூரிம் நாடகங்களும் இத்திருநாளின் உரிமத்தினாலேயே வாழ்ந்தன.

பாவைக்கூத்துத் தனியரங்கு பெற்றது இருபதாம் நூற்றாண்டில், யித்திஷ் மொழியில். போலந்தின் லோட்சு நகரில் 1922 இல் கவிஞர் மோசே புரோடர்சோனும் ஓவியர் இற்சாக்கு புரோய்னரும் இசைஞர் கெனெக்கு கோனும் தொடங்கிய அரங்கின் பெயர் 'கட்காத்யா'. சேடர் இரவின் இறுதியிற் பாடப்படும், ஆட்டுக்குட்டியைப் பற்றிய தொடர்ப்பாட்டின் பெயரே அது. விருந்து மேசையிலிருந்தே பாவை எழுந்து சென்றது என்பதை அப்பெயர் ஒப்புக்கொள்கின்றது. நியூயோர்க்கில் 1925 இல் சூனி மாட், யோசல் கட்லர் என்னும் கேலிச்சித்திரக்காரர் இருவர் தம் பெயர்களைச் சேர்த்து 'மோடிகட்' அரங்கை நிறுவினர். நாடகமொன்றுக்காக அவர்கள் செய்த பாவைகள் பெரிய மேடைக்குச் சிறியனவாய்ப் போனமையே அதற்குத் தூண்டுகோல். பூரிம் கதையையும் அன்சுக்கியின் புகழ்பெற்ற 'திபுக்' நாடகத்தையும் நையாண்டியாக்கி ஆடினர்; ஐரோப்பாவுக்குஞ் சென்று ஆடினர். 1933 இல் இருவரும் பிரிந்தனர். 1935 இல் கட்லர் வாகன விபத்தில் மாண்டார். பழமையாளரையும் முதலாளியரையும் ஒருங்கே எள்ளிய அவ்வரங்கின் துணிவு பாராட்டத்தக்கது. ஆயினும் எள்ளல் தன் விடையை முன்னரே கையில் வைத்திருப்பது. மேசை அகற்றப்பட்டபோது அபாயே திகைத்த திகைப்பு அதில் இல்லை. வில்னாவில் 1933 இல் 'மாய்தீம்' என்னும் பாவையரங்கு தோன்றியது. பத்தாண்டு கழியுமுன் அந்நகரத்து யூதரிற் பெரும்பாலார் கொல்லப்பட்டனர். ஆடுவோர் இருப்பினும், அம்மொழியிற் கேட்டு நகைக்கும் சிறார் எங்கே?

இசுரேலில் எபிரேய மொழியிற் பாவைக்கூத்து வேறு வழியில் வளர்ந்தது. எருசலேமில் 1981 இல் பழைய இரயில் பெட்டியொன்றை அரங்காக்கித் தொடங்கிய இரயில் அரங்கமும், 1983 முதல் அந்நகரில் நிகழும் பன்னாட்டுப் பாவைவிழாவும் அதற்கு நிலையான இடம் அளித்தன. ஆங்குக் கலைஞர் சிலர் கரண்டியையும் சட்டையையும் கொண்டு கதை நிகழ்த்துகின்றனர். செங்கல்லை நகராக்கியவரின் வழியிது என்பதை அவர் எண்ணினும் எண்ணாவிடினும்.

சமயக் கல்விக்கென இன்று கடைகளில் விற்கப்படும் பாவைகளைப் பற்றியோ அவ்வாறு கூற இயலாது. எகிப்தியர்மேல் வந்த பத்து வாதைகளுக்கும் விரற்பாவைகள் பத்து, தவளையும் பேனும் வெட்டுக்கிளியும் ஒரே பெட்டியில், பெயர் பொறித்துக் கிடைக்கின்றன. வண்ணமும் அழகும் குறைவில்லை. குழந்தை விழித்திருக்கும் என்பதும் மெய். ஆனால் பெட்டியைத் திறந்தவுடன் எது எந்த வாதை என்பது தெரிந்துவிடுகின்றது. கேட்பதற்கு ஒன்றும் இல்லை. முன்னோர் வாதையொன்றுக்கு ஒரு துளியாகக் கிண்ணத்திலிருந்து மதுவை விரலால் எடுத்துச் சிந்தினர். மது ஏன் சிந்தப்படுகின்றது என்று குழந்தை கேட்கும். பகைவர் துன்புற்றமையால் நம் மகிழ்ச்சிக் கிண்ணம் நிறைந்திருத்தல் தகாது என்று விடை கூறுவோர் உளர். தலைப்பிள்ளைகளின் சாவு ஒரு புன்னகைக்கும் விரற்பாவையாகிய பின்னர் அவ்வினாவும் எழாது, அவ்விடைக்கும் இடமில்லை. இதனைச் செய்தோர் தீயோர் அல்லர். குழந்தைக்கு எளிமையாக்க விழைந்தோரே. எளிமையாக்கத் தகாத ஒன்றை எளிமையாக்கினர் என்பதே அவர்மேல் உள்ள குறை.

பாவையைக் கல்வியினின்றும் நீக்கவேண்டும் என்பது இதன் கருத்தன்று. பூரிம் நாளில் சிறுவர் தாமே தாளும் துணியும் கொண்டு ஆமானைச் செய்து, அவன் வாயில் எச்சொல்லை வைப்பது என்று தம்முட் சச்சரவிடும் வகுப்பறையில் பாவை தன் தொழிலைச் செய்கின்றது. கொடியவன் எவ்வாறு பேசுவான் என்று ஒரு சிறுவன் எண்ணிப் பார்க்க நேர்கின்றது. செய்து முடித்த பாவையைக் கையிற் கொடுத்து, பேசவேண்டிய சொல்லையும் அச்சிட்டுக் கொடுக்கும்போதுதான் அத்தொழில் நின்றுவிடுகின்றது. ஈராக்கு யூதர் வீட்டில் தோளில் மூட்டையேற்றி நின்றவனுக்கு வேண்டியவை ஒரு மேசைத்துணி, ஓர் அப்பம், பாட்டனின் ஊன்றுகோல். கூத்து முடிந்ததும் கோல் சுவரோரத்துக்குப் போகும். துணியை அவிழ்த்து அப்பத்தை எல்லோரும் பங்கிட்டு உண்பர்.